வெள்ளீயத்துக்கு வந்த ஓவியர்

இரண்டாம் உலகப்போர் நடந்த ஆண்டுகளில் கோலார் தங்கவயலின் சுரங்கத்துக்குள் யாராவது இறங்கிப் படம் வரைந்தார்களா? இந்தக் கேள்வியோடுதான் தேட ஆரம்பித்தேன். கம்பெனி அறிக்கைகளைப் புரட்டினால் அரைத்த பாறை இத்தனை டன், எடுத்த தங்கம் இத்தனை அவுன்ஸ் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃபில், வெந்துபோகிற சூட்டில் துளையிட்ட தமிழர்களின் முகம் அதில் இல்லை.

துப்பு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தது. கிரஹாம் சதர்லேண்ட் என்ற ஆங்கில ஓவியர் 1942இல் அங்குள்ள கீவர் வெள்ளீயச் சுரங்கத்தில் வரைந்த படங்கள். அதுவரை அவர் நிலக்காட்சிக்காரர். ஆளில்லாத மலை, முள், வேர். கீவரில்தான் அவருடைய படங்களுக்குள் மனிதன் நுழைகிறான்: இருட்டுக் குழாய் போன்ற பாதையிலிருந்து ஒரு தொழிலாளி வெளிப்படுகிறான். தங்கவயலுக்கும் கார்ன்வாலுக்கும் உறவு உண்டு. 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே வேரூன்றியபோது மேஸ்திரித்தனம் செய்ய வரவழைத்தது கார்ன்வால் சுரங்கக்காரர்களைத்தான்.

சரி, ஓவியரை ஏன் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள்? பிரிட்டிஷ் அரசு 1939இல் போர் ஓவியர்களுக்கென ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. தலைவர் கென்னத் கிளார்க். போரைப் பதிவு செய்வது வெளியே சொன்ன காரணம். ஓவியர்கள் போர்முனையில் செத்துப்போகாமல் காப்பது அவர் மனதுக்குள் வைத்திருந்த காரணம். சதர்லேண்டுக்கு வெள்ளீயம் ஒதுக்கப்பட்டதன் பின்னணி நம் பக்கத்தில் கிடக்கிறது. உலகுக்கே வெள்ளீயம் தந்த மலாயாவை ஜப்பான் பிடித்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் விழுந்தது. கார்ன்வாலின் பழைய சுரங்கங்களுக்குத் திடீர் மவுசு. நிலக்கரிக்கும் அதே கதிதான்: ஹென்றி மூர், தன் தந்தை வேலை பார்த்த வீல்டேல் சுரங்கத்தில் இறங்கி வரைந்தார். பெண் உருவங்களையே செதுக்கிவந்தவருக்கு உழைக்கும் ஆண் உடல் அங்கேதான் பிடிபட்டது.

தங்கம் எரியாது, ரயிலை ஓட்டாது, டப்பா செய்யவும் உதவாது. தங்கவயலுக்கு ஏன் யாரும் அனுப்பப்படவில்லை என்பதற்கு என் ஊகம் இதுதான். 1943இல் ஆண்டனி கிராஸ் என்ற ஓவியரை அதே குழு இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் போனது படைகளின் பின்னால், பர்மா எல்லைக்கு.

பர்மா ஜப்பானிடம் வீழ்ந்தது இன்னொரு தடத்தைத் திறக்கிறது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அதோடு போர்க்கால விலையேற்றமும் அரசின் அலட்சியமும் சேர்ந்து 1943இல் வங்கத்தைப் பஞ்சத்தில் தள்ளின. கம்யூனிஸ்ட் கட்சி அனுப்ப, சித்தப்ரசாத் என்ற ஓவியர் பஞ்சம் பிடித்த மிதுனாப்பூரில் நடந்தார், பார்த்ததை வரைந்தார். அது புத்தகமாக வந்தபோது அதன் ஏறக்குறைய 5,000 பிரதிகளையும் அரசு பறிமுதல் செய்து அழித்தது. ஓவியருக்குக் கூலி தந்த அரசும் இதே அரசுதான்! ஜைனுல் ஆபெதின் மலிவான காகிதத்தில் கரிய மையால் தீட்டிய பஞ்சச் சித்திரங்களும் அந்த ஆண்டினவே. கல்கத்தா குழு என்ற ஓவியர் அமைப்பு பிறந்ததும் 1943இல்.

மதராஸில் விளைவு வேறு மாதிரி. 1944இல் கே.சி.எஸ். பணிக்கர் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினாலும், அந்த நாட்களில் அவர் வரைந்தவை பெரும்பாலும் நீர்வண்ண நிலக்காட்சிகள். போர் இங்கே ஓவியர்களைக் கூட்டாகச் சேர வைத்தது, படத்துக்குள் அதிகம் நுழையவில்லை என்றே நினைக்கிறேன். விலக்கு, அப்போது ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பசியால் வாடிய உடல்களைச் சிற்பமாக்கியவர் அவர். மெரினாவில் 1959 ஜனவரி 25இல் திறக்கப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நான் தேடியதற்கு மிக அருகில் வருவது அதுதான். ஆனால் அந்தப் பாறை வெட்டவெளியில் நிற்கிறது. தங்கவயலின் பாறை 2001 பிப்ரவரி 28 வரை நிலத்துக்கடியில் உடைபட்டுக்கொண்டிருந்தது.