செயற்கை நாடியும் உயிர்க்கலமும்

உடலுக்கு வெளியே சிந்திய குருதி சில நிமிடங்களில் உறைந்துவிடுகின்றது. நாடியினுள் ஓடும் குருதியோ ஆயுள் முழுவதும் உறையாது ஓடுகின்றது. இவ்விந்தைக்குப் பெருங்காரணமாயிருப்பது நாடியின் உட்சுவரை மூடியுள்ள ஒரு மெல்லிய படலமாகும். அகவணிக்கலங்கள் எனப்படும் நுண்ணிய கலங்கள் ஓரடுக்காய்ப் பரந்து நின்று அப்படலத்தை ஆக்குகின்றன. அதன் அருமையைச் சத்திரவைத்தியர்கள் தோல்வி வாயிலாகவே முற்றும் உணர்ந்தனர்.

அறுந்த நாடிகளை ஊசியும் நூலுங் கொண்டு செப்பமாகப் பொருத்தும் முறையை 1902 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் பிரான்ஸ் நாட்டு அலெக்சிஸ் கரெல் ஆவார். 1912 இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். ஆயின், கெட்டுப்போன நாடிக்குப் பதிலாக வைக்கும் குழாய்க்கு எங்கே போவது? நாயின் இதயத்தினுள் கிடந்த பட்டு நூலொன்றைப் பளபளப்பான படலம் மூடியிருக்கக் கண்ட ஆர்தர் வூர்ஹீஸ் என்னும் அமெரிக்கர், துணியே குழாயாகலாம் எனத் துணிந்தார். 1952 இல் அவரும் தோழரும் வினியோன் துணிக்குழாயின் பயனை வெளியிட்டனர். பின்னர் டேக்குரோன் குழாய்கள் பெருநாடியில் நன்கு நிலைத்தன.

எனினும், விட்டம் 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த குழாய்கள் எளிதில் அடைபட்டன. முழங்காலுக்குக் கீழே குருதி செல்லாத நோயாளிக்கு இதன் பொருள் காலை இழத்தலாகும். நோயாளியின் சொந்த நாளமே சிறந்த மாற்று. ஆனால் அது எல்லோரிடத்தும் தகுதியாய் இருப்பதில்லை. மனிதரில் அகவணிக்கலங்கள் பொருத்திய விளிம்பிலிருந்து சிறிது தூரமே வளர்ந்து நின்றுவிடுதலும் அறியப்பட்டது.

தானாக வளராத கலத்தை மனிதன் விதைத்தால் என்ன? 1978 இல் அமெரிக்க சத்திரவைத்தியர் மல்கம் ஹெரிங்கும் தோழரும், நாளத்திலிருந்து எடுத்த கலங்களைத் துணிக்குழாயில் விதைத்து நாய்களிற் பொருத்தினர், படலம் உருவாயிற்று. மனிதரிலோ அப்பயன் முழுமையாகக் கிட்டவில்லை. எடுக்கப்பட்ட கலங்கள் மிகச் சில. அவற்றுட் பலவற்றைக் குருதியோட்டம் அடித்துச் சென்றது.

1989 முதல் வியன்னா நகர வைத்தியர்கள் பொறுமையான வழியொன்றைக் கைக்கொண்டனர். நோயாளியின் சிறு நாளத்துண்டிலிருந்து பெற்ற கலங்களை ஆய்வுகூடத்திற் பல வாரம் பெருக்கி, குழாயின் உட்புறம் முழுவதும் பரப்பிய பின்னரே அதனைக் காலிற் பொருத்தினர். அக்குழாய்கள், கலம் விதைக்காத குழாய்களினும் நெடுங்காலம் திறந்திருந்தன. ஆயினும், இன்றே சிகிச்சை வேண்டி நிற்பவர் பல வாரங் காத்திருப்பது எங்ஙனம்?

இவ்வினாவே ஆய்வை வேறு திசைக்குத் திருப்பிற்று. மனிதக் கலங்களைக் கொண்டு ஆய்வுகூடத்திற் குழாயை வளர்த்து, பின்பு அக்கலங்களை நீக்கி, எவருக்கும் உடனே பொருத்தத்தக்கதாய் வைத்திருக்கும் முறை தோன்றியது. அத்தகைய குழாயொன்றைக் கை, கால் நாடிக் காயங்களுக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 டிசெம்பரில் அனுமதித்தது. பொருத்தியபின் நோயாளியின் கலங்களே அதனுட் குடியேறுகின்றன. விதைப்பதை விடுத்து, விதை தானே முளைத்தற்குரிய நிலத்தைப் பண்படுத்தும் வழி இதுவாகும்.