அணை நீரில் மூங்கில் தெப்பம்

கேரளத்தின் தமிழக எல்லையோரத்தில், மூங்கில் தெப்பத்தில் துடுப்புப் போட்டபடி காட்டுக்குள் ஒரு பகலைக் கழிக்கும் பயணத்துக்குப் பேர்போன இடங்கள் இரண்டு: இடுக்கி மாவட்டத்துத் தேக்கடி, பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம். துடுப்பைத் தொட்டுப் பார்க்காதவர்கூட இரண்டிலும் தயங்காமல் ஏறி உட்காரலாம். அதற்குக் காரணம் ஆறு அல்ல, அணை. சோலைக்காட்டு ஊற்றுகளில் பிறந்து பாறைக்குப் பாறை மோதி இறங்கிய ஆறுகளைத் தமிழக வயல்களுக்காக மறித்தபோதுதான் அங்கே அசையாத நீர்ப்பரப்பு உண்டானது.

தேக்கடியின் கதை 1886 அக்டோபர் 29 அன்று தொடங்குகிறது. மேற்கே ஓடி வீணாகக் கடலில் கலப்பதாகக் கருதப்பட்ட பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப, திருவிதாங்கூர் அரசு 8000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்குச் சென்னை மாகாணத்துக்கு எழுதிக் கொடுத்தது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். பிரிட்டிஷ் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணையை 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் சேர்ந்தது. அணைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு ஏரியானது. அன்று மூழ்கிய மரங்களின் அடிமரங்கள் இன்றும் கருத்துப்போய் நீருக்கு மேலே நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் இறக்கையை விரித்துக் காயவைக்கும். தெப்பம் ஓட்டுபவர் கண் வைத்திருப்பது பறவை மேல் அல்ல. நீருக்கடியில் மறைந்திருக்கும் கட்டைகள் மேல்.

புதிதாக வந்த ஏரியில் மீன் பிடிக்கப் பழகியவர்கள் அங்கே வாழ்ந்த மன்னான், பளியர் குடிகள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மன்னான்களுக்கு மூங்கில் தெப்பமே வள்ளம். மூங்கிலின் கணுக்கள் ஒவ்வொன்றும் உள்ளே அடைப்பு. ஒரு கணுவிடை விரிசல் விட்டு நீர் புகுந்தாலும் அடுத்தது காற்றோடு இருக்கும். அதனால் தெப்பம் ஓட்டை விழுந்து மூழ்குவதில்லை. முற்றிய மூங்கிலை வெட்டி, ஈரம் வற்ற உலரவைத்து, வரிசையாக அடுக்கி, குறுக்கே கழிகள் கொடுத்து இறுக்கிக் கட்டுவார்கள். பச்சை மூங்கில் கனம், நீரில் தாழும். நாளாக ஆக மூங்கில் உளுத்துப்போகும், கட்டுகளும் தளரும். எனவே தெப்பம் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய பொருள். நீர் இடுக்குகளில் ஏறி இறங்குவதால் உட்கார்ந்திருப்பவரின் கால் நனையும். அகலமாக, நீர்மட்டத்தோடு படிந்து கிடப்பதால் எளிதில் கவிழாது.

ஏரியைச் சூழ்ந்த காட்டை 1934இல் திருவிதாங்கூர் அரசு நெல்லிக்காம்பட்டி வேட்டைக் காப்பகமாக அறிவித்தது. 1950இல் அது பெரியாறு சரணாலயமாக விரிந்து, 1978இல் புலிகள் காப்பகமானது. சட்டம் வந்தாலும் களவு நிற்கவில்லை. இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த வயனா மரத்தின் பட்டையை உரித்து மூட்டை கட்டி மலையிறக்கி விற்ற கூட்டங்கள் தேக்கடியை அடுத்த குமுளி வட்டாரத்தில் இருந்தன. அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதைவிட வேலைக்கு வைப்பது மேல் என்று வனத்துறை முடிவு செய்ததுதான் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம். 1996இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், இருபதுக்கும் சற்று மேற்பட்ட பட்டைக்காரர்கள் தொழிலை விட்டுக் காட்டு வழிகாட்டிகளானார்கள். தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடி இளைஞர்களுக்கும் தனிக் குழு அமைந்தது. மீன்பிடித் தெப்பம் இருக்கைகளும் துடுப்புகளும் பெற்றுச் சுற்றுலாத் தெப்பமானது இந்தச் சூழலில்தான். காலையில் நடை, பிறகு ஏரியில் சில மணி நேரத் தெப்பம், மாலையில் திரும்பல் என்பது வழக்கமான ஒழுங்கு. சிறு குழுவாக மட்டுமே அனுமதி. உடன் வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் வருவார்கள்.

இந்தச் சிறிய தெப்பத்தின் அருமையை 2009 செப்டம்பர் 30 காட்டியது. அன்று அதே ஏரியில் ஜலகன்யகா என்ற ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் ஒரே பக்கமாக ஓடியதில் படகு சாய்ந்ததாகப் பேசப்பட்டது. மேல்தட்டு ஏறிய படகுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. மேல்தட்டே இல்லாத தெப்பத்தில் ஓடவும் இடமில்லை. விபத்துக்குப் பிறகு ஏரியில் உயிர்காப்பு அங்கி கட்டாயமானது.

பரம்பிக்குளத்தில் நீர்வழிக்கு முன் இருப்புப் பாதை வந்தது. அங்கே விளைந்த தேக்கை ஆற்றில் விட்டுச் சமவெளியில் உள்ள சாலக்குடிக்கு மிதக்கவைக்க வழியில்லை. நடுவே அதிரப்பள்ளி அருவி. ஆகவே கொச்சி அரசு 1907 வாக்கில் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு டிராம்வே போட்டது. செங்குத்தான சரிவுகளில் மரம் ஏற்றி இறங்கும் வண்டியின் கனமே வடத்தால் வெற்று வண்டியை மேலே இழுத்தது. 1950களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. அடுத்த பத்தாண்டில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் ஆற்றை மறித்தது. கேரள மண்ணில் உள்ள அந்த அணையைத் தமிழக நீர்வளத் துறை இயக்குகிறது. நீர் தூணக்கடவு, சர்க்கார்பதி வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குப் போகிறது. 2010இல் புலிகள் காப்பகமான இந்தக் காட்டில் காடர், மலசர், முதுவர் குடிகளைச் சேர்ந்தவர்கள் வனத்துறையின் சுற்றுலாவில் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். தெப்பம் ஏற வருபவர் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழகக் காட்டைக் கடந்துதான் இந்தக் கேரள ஏரியை அடைய வேண்டும்.