கடலுக்கு முதுகு காட்டிய தீவுகள்

ஸ்பெயினின் கிழக்குக் கரைக்கு அப்பால் மத்தியதரைக் கடலில் அமைந்தவை பலேரிக் தீவுகள். மயோர்கா, மெனோர்கா, இபிசா, ஃபோர்மென்தேரா ஆகிய நான்கும் மக்கள் வாழும் பெரிய தீவுகள். இன்று கடற்கரைக்காகவே உலகம் தேடிவரும் இத்தீவுகளில், பழைய ஊர்கள் பல கரையை விட்டு விலகியே நிற்கின்றன. மயோர்காவின் சோயெர் ஊருக்கும் அதன் துறைமுகத்துக்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம். பொயென்சா, அந்த்ராச் ஆகிய ஊர்களும் அப்படியே: ஊர் உள்ளே, துறை வெளியே.

இதற்குக் காரணம் அச்சம். 16-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரும் ஒட்டோமான் கப்பல்களும் இக்கரைகளைத் திரும்பத் திரும்பச் சூறையாடின. 1550-இல் பொயென்சாவும் 1561-இல் சோயெரும் தாக்கப்பட்டன. 1558-இல் மெனோர்காவின் சியுதாதெயா நகரம் வீழ்ந்தபோது, 3,000-க்கும் மேற்பட்டோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஃபோர்மென்தேரா நெடுங்காலம் ஆளில்லாத தீவாகவே கிடந்தது. கரை நெடுகக் கட்டப்பட்ட காவல் கோபுரங்களில் பகலில் புகையும் இரவில் தீயும் மூட்டி, கப்பல் வரும் செய்தியை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்துக்குச் சொன்னது. சோயெரிலும் பொயென்சாவிலும் அந்தச் சண்டைகள் இன்றும் ஆண்டுதோறும் திருவிழாவாக நடித்துக் காட்டப்படுகின்றன.

கொள்ளையர் பயம் நீங்கிய பிறகும் கரைக்கு மதிப்புக் கூடவில்லை. தீவுகளின் செல்வமெல்லாம் ஒலிவ எண்ணெய், பாதாம், திராட்சை, பன்றி என உள்நாட்டில்தான் இருந்தது. உப்புக்காற்று வீசும் மணல்நிலத்தில் விளைச்சல் இல்லை. அதனால் விலையும் இல்லை.

முதலில் வந்த பயணிகளும் கடலில் குளிக்க வந்தவர்கள் அல்லர். 1838 நவம்பரில் இசையமைப்பாளர் ஷோப்பேனும் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டும் மயோர்காவுக்கு வந்தது, பாரிஸின் குளிரிலிருந்து தப்பவே. துறவியர் 1835-இல் வெளியேற்றப்பட்டதால் காலியாகக் கிடந்த வால்தெமோசா மடத்தின் அறைகளில் அவர்கள் தங்கினர். மழையும் ஈரமும் ஷோப்பேனின் நெஞ்சு நோயை முற்றச் செய்தன. பாரிஸிலிருந்து வரவழைத்த பியானோ சுங்கத்தில் சிக்கிக்கொண்டது. அது வந்து சேரும்வரை உள்ளூரில் கிடைத்த மட்டமான பியானோவில்தான் அவர் வாசிக்க வேண்டியிருந்தது. 1839 பிப்ரவரியில் அவர்கள் திரும்பிய நீராவிக் கப்பலில் உடன் பயணித்தவை பன்றிகள். அன்றைக்கு அந்தக் கப்பலுக்கு வருமானம் தந்தது பன்றிதான், பயணி அல்ல. இந்த அனுபவத்தைக் கசப்போடு சாண்ட் எழுதிய 'மயோர்காவில் ஒரு குளிர்காலம்' என்ற நூல், பின்னாளில் தீவுக்கு விளம்பரமாகவே அமைந்தது.

சுற்றுலா தொழிலாக உருவெடுத்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1891 முதல் பரவிய பிலோக்செரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்திருந்தது. பிழைப்புத் தேடிப் பலர் வெளிநாடு சென்றிருந்தனர். 1903-இல் தலைநகர் பால்மாவில் 'கிரான் ஓட்டல்' திறக்கப்பட்டது. 1905-இல் சுற்றுலா வளர்ச்சிக்கென ஒரு சங்கம் தோன்றியது. சோயெரையும் அதன் துறைமுகத்தையும் இணைக்கும் டிராம் வண்டி 1913-இல் ஓடத் தொடங்கியது. அது இன்றும் ஓடுகிறது. 1929-இல் மயோர்காவின் வடமுனையில் ஃபோர்மென்தோர் ஓட்டல் எழுந்தது. இவையெல்லாம் வசதி படைத்தோருக்கானவை. 1936-இல் மூண்ட உள்நாட்டுப் போரும் அடுத்து வந்த உலகப் போரும் அந்த வரவையும் நிறுத்தின.

நிலைமையைத் தலைகீழாக்கியது விமானம். லண்டனில் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே விலையில் அடக்கி, 1950-இல் கோர்சிகா தீவுக்கு ஆட்களை அழைத்துச் சென்றார். 1952-இல் அவருடைய நிறுவனம் பால்மாவுக்கும் பயணம் ஏற்பாடு செய்தது. 1959-இல் ஸ்பெயின் தன் நாணய மதிப்பைக் குறைத்ததும், வெளிநாட்டவர்க்கு அங்கே எல்லாம் மலிவாயிற்று. 1960-இல் பால்மாவின் சோன் சான் ஜோவான் விமான நிலையம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைத் தொழிலாளரும் கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் வெயில் காய வர முடிந்தது. பயணிகள் வரும் பருவம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியது. விலைபோகாத மணல்நிலம் பொன்விலை பெற்றது. கரையை மறைத்து எழுந்த அடுக்குமாடி ஓட்டல்களால், திட்டமற்ற கடற்கரைக் கட்டுமானத்துக்கே ஸ்பானிய மொழியில் 'பலேரியமாதல்' என்னும் பொருளில் ஒரு சொல் பிறந்தது.

எதிர்ப்பும் உடன் வளர்ந்தது. 1977-இல் தனியார் குடியிருப்புத் திட்டத்துக்கு இலக்கான திராகோனேரா என்னும் சிறுதீவில் இளைஞர்கள் புகுந்து முகாமிட்டனர்; பத்தாண்டுக்குப் பின் அத்தீவு பொதுச் சொத்தானது. 1991-இல் கப்ரேரா தீவு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1990-களில் மயோர்காவின் கல்வியா நகராட்சி பழைய கரையோர ஓட்டல்கள் சிலவற்றை இடித்தது. பயணிகள் மீது 2002-இல் விதித்த சூழல் வரி அடுத்த ஆண்டே நீக்கப்பட்டாலும், 2016-இல் புதிய வடிவில் திரும்பியது.

ஏறத்தாழ 12 லட்சம் பேர் வாழும் இத்தீவுகளுக்கு 2023-இல் 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தனர். வீட்டு வாடகை உயர்வையும் நெரிசலையும் எதிர்த்து 2024-இல் பால்மாவில் மக்கள் ஊர்வலம் சென்றனர். அதற்கு முன்பே, 2022-இல், பால்மா துறைமுகத்துக்கு வரும் சொகுசுக் கப்பல்களை நாளொன்றுக்கு மூன்றாகக் கட்டுப்படுத்தும் உடன்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது.