கோடிட்ட இடமும் போலி நண்பர்களும்

1739-இல் பிரெஞ்சுக்காரர் வசம் போன நம் காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1956 ஒப்பந்தம் பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடர இடம் கொடுத்தது. ஆனாலும் அலுவலகக் கோப்புகளிலும் தேர்வுத் தாள்களிலும் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு, "பொருத்தமான சொல்லால் கோடிட்ட இடத்தை நிரப்புக" என்ற கேள்விதான் பெரிய கண்டம். தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்லே காலை வாரிவிடும். கூட்டத்தில் கலந்துகொள்வது ஆங்கிலத்தில் 'அட்டெண்ட்'. அதன் பிரெஞ்சு உறவான 'அத்தாந்த்ர்' என்றால் காத்திருப்பது! கலந்துகொள்வதற்குப் பிரெஞ்சில் 'அசிஸ்தே'. ஆங்கில 'அசிஸ்ட்' என்பதோ உதவி செய்வது. 'லைப்ரரி' நூலகம், பிரெஞ்சு 'லிப்ரெரி' புத்தகக் கடை.

1066-இல் நார்மண்டிப் படை இங்கிலாந்தைப் பிடித்தது. அதன் பிறகு அங்கே குடியேறிய பிரெஞ்சுச் சொற்கள் ஏராளம். புகுந்த வீட்டில் அவற்றில் பலவற்றின் குணம் மாறிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இவற்றை 'ஃபோசாமி', அதாவது போலி நண்பர்கள் என்பார்கள்.

குமாஸ்தா வேலையும் பதவி உயர்வும் அந்தச் சின்னக் கோட்டின்மேல் நின்ற காலம் அது. பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், வாக்கியத்தோடு படியுங்கள்.