பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கியும் காலனிய அரசின் அச்சமும்: .450 குழல்விட்டத் தடையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய இந்தியாவில் பெருவிலங்கு வேட்டைக்கு எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பது வேட்டைக்காரரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் விதிக்கப்பட்ட .450 குழல்விட்டத் தடையை 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தோடு இணைத்து நோக்கும் இக்கட்டுரை, வாங்கப்படும் பொருளையும் வாங்கும் ஆளையும் ஒருசேர வரையறுத்தது அரசின் அச்சமே என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வேட்டை, குழல்விட்டம், ஆயுதச் சட்டம், உரிமம், காலனிய அரசு

முன்னுரை

காலனியக் கால வேட்டை பற்றிய நூல்கள் துப்பாக்கியின் வரலாற்றைப் பெரும்பாலும் தொழில்நுட்ப வளர்ச்சியின் வரலாறாகவே காட்டுகின்றன. இப்பார்வை முழுமையானதன்று. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருவிலங்குத் துப்பாக்கிகளில் நிகழ்ந்த ஒரு முக்கிய மாற்றத்துக்குத் தொழில்நுட்பம் காரணம் அன்று, அரசாணையே காரணம். அம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருமருந்திலிருந்து கார்டைட்டுக்கு

கருமருந்துக் காலத்தில் குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் கூட்ட இயலாது. எனவே யானை, காட்டுமாடு போன்ற தடித்த தோலும் பெரிய எலும்பும் உடைய விலங்குகளை வீழ்த்தக் குண்டின் எடையைக் கூட்டுவதே வழியாக இருந்தது. ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டைக் குண்டுகள் வார்க்கலாம் என்பதே 'போர்' என்னும் அளவு. 4 போர் என்றால் ஒரு குண்டு கால் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிராம். இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கருக்காகப் பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் 1840இல் செய்தளித்த 4 போர் துப்பாக்கியின் எடை 21 பவுண்டு.

புகையற்ற வெடிமருந்தான கார்டைட் இந்நிலையை மாற்றியது. 1898இல் ரிக்பி நிறுவனம் அறிமுகப்படுத்திய .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா, 480 கிரெய்ன் (ஏறத்தாழ 31 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்கு 2150 அடி வேகத்தில் செலுத்தியது. கால் பவுண்டு ஈயம் செய்த வேலையை அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடையுள்ள குண்டு செய்தது. பெருவிலங்கு வேட்டைக்கு இரட்டைக்குழல் ரைபிள் வாங்குவோரின் முதன்மைத் தேர்வுகளுள் ஒன்றாக .450 விளங்கியது.

தடையும் அதன் விளைவும்

1871இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் குழல்விட்டமும் .450 அங்குலமே; அதன் குண்டும் 480 கிரெய்ன் எடையே. படை புதிய ரைபிள்களுக்கு மாறிய பின்னரும் மார்ட்டினிகள் பெருந்தொகையில் புழக்கத்தில் இருந்தன. வடமேற்கு எல்லைப்புறத்தில் கோஹாட் கணவாய்ப் பகுதி அப்ரிதிகளின் பட்டறைகள் அவற்றைப் பார்த்துப் புதிய துப்பாக்கிகளையும் செய்தன. வேட்டைக்கென இறக்குமதியாகும் .450 தோட்டாக்களும் அவற்றின் பகுதிகளும் இத்துப்பாக்கிகளுக்குப் பயன்படக்கூடும் என அரசு அஞ்சியது. இந்தியாவிலும் சூடானிலும் .450 குழல்விட்டம் தடை செய்யப்பட்டது இவ்வச்சத்தினாலேயே.

இத்தடைக்குத் துப்பாக்கி நிறுவனங்கள் அளித்த மறுமொழி கவனத்திற்குரியது. தடைக்கு உட்படாத .465, .470, .475, .476 எனப் பல குழல்விட்டங்கள் சந்தையை நிறைத்தன. ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .465 அதே 480 கிரெய்ன் குண்டை அதே 2150 அடி வேகத்தில் செலுத்தியது. ஜோசப் லாங்கின் .470, 500 கிரெய்ன் குண்டை அதே வேகத்தில் செலுத்தியது. வேட்டைப் பயனில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. எனவே இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப மேம்பாடு எனக் கொள்வதற்கு இடமில்லை.

தடையின் இலக்கு குண்டின் விட்டமே என்பதற்கு .450/400 தோட்டா சான்றாகிறது. .450 தோட்டாவின் கூட்டை நுனியில் குறுக்கி .400 அளவுக் குண்டைப் பொருத்தியதால் பெயரில் 450 இருந்தும் அது இந்தியாவில் தொடர்ந்து பயன்பாட்டில் இருந்தது. ஜிம் கார்பெட் பயன்படுத்திய ஜெஃப்ரி இரட்டைக்குழல் ரைபிள் இவ்வகையைச் சார்ந்ததே. மறுபுறம், 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்ற ஹாலண்ட் ரைபிள் .500/450 வகை. ஒரே பேரரசின் இரு நிலப்பகுதிகளில் ஒரே குழல்விட்டம் ஓரிடத்தில் வேட்டைக் கருவியாகவும் மற்றோரிடத்தில் அரசுக்கு எதிரான ஆயுதமாகவும் கருதப்பட்டமை இதனால் புலனாகிறது.

வாங்குவோர் யார்?

எதை வாங்கலாம் என்பதற்கு முன்பே யார் வாங்கலாம் என்பதை அரசு வரையறுத்திருந்தது. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவை. அச்சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள் ஐரோப்பியருக்கு விலக்களித்தன. இந்தியருள் விலக்குப் பெற்றோர் சில உயர்நிலைப் பிரிவினர் மட்டுமே. பயிரைக் காக்கவும் ஆபத்தான விலங்குகளைக் கொல்லவும் உழவருக்கு உரிமம் வழங்கும் ஏற்பாடு இருந்தது உண்மையே. ஆயினும் அவர்கள் கைக்கு எட்டியது பெரும்பாலும் முன்புறம் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியே. லண்டன் நிறுவனங்களின் இரட்டைக்குழல் ரைபிள் விலையாலும் அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

இப்பாகுபாடு அன்றே எதிர்ப்பைச் சந்தித்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாட்டில் ஆயுதச் சட்டத்தை நீக்கவேண்டும் என பிபின் சந்திர பால் வாதிட்டார். 1930இல் காந்தி முன்வைத்த பதினொரு கோரிக்கைகளுள் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் ஒன்றாக இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவின் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் கைப்பற்றினர். ரோடா வேட்டைத் துப்பாக்கிகளையும் விற்ற நிறுவனம். வேட்டைக் குழல்விட்டத்தைத் தடுத்த அரசால், அதே வணிகத்தின் வழி வந்த கைத்துப்பாக்கிகளைக் காக்க இயலவில்லை.

முடிவுரை

.450 தடை ஒரு சிறிய விதியே. ஆனால் வேட்டை இலக்கியத்தை மறுவாசிப்புச் செய்ய அது ஒரு திறவுகோலாக அமைகிறது. ஊரை அச்சுறுத்தும் விலங்கைக் கொல்ல வரும் வெளியூர் வேட்டைக்காரரின் வீரம் அந்நூல்களில் விரித்துரைக்கப்படுகிறது. அவ்வூரார் ஏன் தகுந்த துப்பாக்கியின்றி அவரை எதிர்நோக்கி நின்றனர் என்ற வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. அதற்கான விடை காட்டில் இல்லை. உரிம விதிகளில் உள்ளது. ஆகவே, வேட்டைக் குறிப்புகளில் இடம்பெறும் குழல்விட்ட எண்களைத் தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் கொள்ளாமல், யார் ஆயுதம் ஏந்தலாம் என்ற அரசியலின் சான்றாகவும் ஆய்வாளர்கள் கொள்வது பொருத்தமாகும்.