பட்டாளத்தார் நின்ற முதல் வரிசை

1946 பிப்ரவரி 18. பம்பாய் கொலாபாவில் இருந்த 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் காலைச் சாப்பாட்டைத் தொட மறுத்தார்கள். தட்டில் தொடங்கிய மறுப்பு சில நாள்களில் 78 கப்பல்களுக்கும் 20 கரைத் தளங்களுக்கும் பரவியது. சுமார் 20,000 மாலுமிகள் எழுந்து நின்ற அந்தக் கடற்படை எழுச்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கெட்டுப்போன சாப்பாடு, வெள்ளை அதிகாரிகளின் வசவு, இந்திய தேசிய ராணுவக் கைதிகளின் விடுதலை, இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்ப அழைத்தல் என்று அவர்களுடைய குறைகளும் கோரிக்கைகளும் எல்லாருக்கும் தெரிந்தவை. அதே பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒரு வரியும் உண்டு. வயதையும் பணிக்காலத்தையும் பார்த்து எங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள், போன பிறகு பிழைக்க நியாயமான ஒரு வேலைக்கு வழி செய்யுங்கள் என்பதே அது.

போர் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் சிப்பாயின் காதில் விழுந்த முதல் கேள்வி, 'ஊருக்குப் போய் என்ன செய்வாய்?'

அந்தக் கேள்வியை எத்தனை பேர் சுமந்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் நிலைமை விளங்கும். 1939இல் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். 1945இல் அது 25 லட்சமாகப் பெருகியிருந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் உலகம் அதுவரை கண்ட படைகளில் அதுவே பெரியது. 1947 ஆகஸ்டில் நாடும் படையும் இரண்டாகப் பிரிந்தபோது மொத்தம் இருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான். இரண்டே ஆண்டுகளில் இருபது லட்சம் பேர் சீருடையைக் கழற்றி, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். அதே நேரத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளும் ராணுவப் பணிமனைகளும் ஆள்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. ரேஷன் அரிசிக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது.

பஞ்சாபுக்கு அடுத்தபடி இந்தப் போருக்கு அதிகம் பேரை அனுப்பியது சென்னை மாகாணம். இதில் ஒரு வரலாற்று அநியாயம் புதைந்திருக்கிறது. தெற்கத்தியர்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று முத்திரை குத்தி, 'வீரக் குலங்கள்' என்ற கொள்கையின் பேரில் ஆங்கிலேயர்கள் இவர்களைப் படையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கியிருந்தார்கள். 1920களின் முடிவில் மதராஸ் ரெஜிமென்டின் காலாட்படையே கலைக்கப்பட்டுவிட்டது. 'தம்பிகள்' என்று அழைக்கப்பட்ட மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் பிரிவினர் மட்டும் பெங்களூரில் நிலைத்தார்கள். ஜெர்மனியும் ஜப்பானும் நெருக்கியதும் அந்தக் கொள்கை மூட்டை கட்டப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும், இயந்திரத்தைத் தொட அஞ்சாதவர்கள் வேண்டும் என்றபோது சென்னை மாகாணத்தின் பக்கம் ஆள்சேர்ப்பு அதிகாரிகள் திரும்பினார்கள். ரெஜிமென்டும் மீண்டும் உயிர்பெற்றது. ஆனாலும் இங்கிருந்து போனவர்களில் பெரும்பகுதி பாலம் கட்டும் பிரிவிலும் சிக்னல்ஸிலும் வண்டிப் பணிமனைகளிலும் தளவாடப் போக்குவரத்திலும்தான் சேர்ந்தது.

ஆகவே திரும்பி வந்தவர்கள் வெறும் துப்பாக்கி பிடித்த கைகளோடு வரவில்லை. அவர்களுக்குள் லாரி ஓட்டுநர் இருந்தார். கம்பியில்லாத் தந்தி இயக்கத் தெரிந்தவர் இருந்தார். பிட்டரும் வெல்டரும் இருந்தார்கள். காயத்துக்கு மருந்து கட்டப் பழகியவர்கள் இருந்தார்கள். போகும்போது ஏர் பிடித்தவர்களில் பலர் கைத்தொழிலோடு திரும்பினார்கள். அந்தத் தொழிலுக்குக் கூலி கொடுக்க யாரும் தயாராக இல்லை என்பதுதான் சிக்கல்.

இதற்கு முன் பட்டாளத்திலிருந்து வந்தவனுக்கு அரசு என்ன செய்தது? பழங்காலத்தில் நிலம் கொடுத்தார்கள். போரில் மாண்டவரின் குடும்பத்துக்கு 'உதிரப்பட்டி' என்று நிலம் விட்டதைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆங்கிலேயர்களும் பஞ்சாபில் அந்த வழியைத்தான் பிடித்தார்கள். கால்வாய் வெட்டி, பாசன நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களில் வேண்டியவர்களுக்கு வழங்கினார்கள். ஆனால் இருபது லட்சம் பேருக்குக் கொடுக்க எந்தக் கால்வாயிலும் நிலம் இல்லை. அமெரிக்கா 1944 ஜூனில் ஒரு சட்டம் கொண்டுவந்து, திரும்பி வரும் சிப்பாய்க்குக் கல்லூரிச் செலவையும் வீட்டுக் கடன் உத்தரவாதத்தையும் கொடுத்தது. அடிமை நாட்டின் சிப்பாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. இங்கே செய்ததெல்லாம், போர்க்காலத்தில் ஒவ்வொரு வீரர் பேரிலும் மாதம் ஒன்றிரண்டு ரூபாய் ஒதுக்கிச் சேர்த்த மறுவாழ்வு நிதியை மாகாணங்களின் கையில் கொடுத்ததுதான். அது தனியாளின் மடிக்கு வரவில்லை. பொதுநலக் காரியங்களுக்குப் போனது.

நிலமும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலையில் அரசு கண்டுபிடித்த மூன்றாவது வழியைத்தான் தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பமும் இன்று அறியும். 1945 ஜூலையில் மத்தியத் தொழிலாளர் துறையின் கீழ் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்குநரகம் என்று ஒன்று அமைக்கப்பட்டது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கும், போர்த் தொழிற்சாலைகளிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கும் வேலை தேடித் தருவது அதன் கடமை. அதன் கிளைகளாக ஊர் ஊருக்குத் திறக்கப்பட்டவைதான் 'எம்ப்ளாய்மென்ட் எக்சேஞ்ச்'. 1946 முடிவதற்குள் நாடு முழுவதும் 71 அலுவலகங்கள் இயங்கின. பத்தாவது தேறியதும் அப்பா கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பதிய வைக்கிற, மூன்றாண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்கச் சொல்லி அம்மா நச்சரிக்கிற அந்த வேலைவாய்ப்பு அலுவலகம், பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட வீடு.

அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். இந்தப் பொருத்தத்தைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். அம்பேத்கர் பிறந்ததே மஹூ ராணுவக் குடியிருப்பில். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். ராணுவப் பள்ளியில் கற்பித்தவர். ஓய்வுபெற்ற பிறகு சதாரா பக்கம் கோரேகாவ் என்ற இடத்தில், பஞ்ச நிவாரணமாக வெட்டப்பட்ட ஏரி வேலையில் காசாளராகப் பிழைத்தார். அவரைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன் பீமாராவையும் உடன் வந்த பிள்ளைகளையும், சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்த கதையை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். சுபேதார் பட்டம் வாங்கியவரின் பிள்ளைக்கும் ஊருக்குள் வந்தால் அதுதான் மதிப்பு. அம்பேத்கர் பிறந்த மகார் சாதியினரைப் படையில் சேர்ப்பதை 1890களில் நிறுத்தியபோது அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆனது என்பதை வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தவர் அவர்.

வேலைவாய்ப்பு அலுவலகம் அந்தக் காலத்துக்குப் பெரிய மாற்றம். அதற்கு முன் ஆலையில் வேலை வேண்டுமென்றால் மேஸ்திரியையோ ஜாபரையோ பிடிக்க வேண்டும். தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கங்காணி. சாதி, ஊர், உறவு என்று எதையாவது காட்டி, கையில் எதையாவது வைத்தால்தான் வாசல் திறக்கும். இங்கே ஓர் அரசு அலுவலகம், காசு வாங்காமல், 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்டு எழுதிக்கொண்டது.

எழுதிக்கொள்வது எளிதாகவும் இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ராணுவம் ஒரு பெயரில் தொழிலைக் குறித்திருக்கும். ஆலை முதலாளி அதையே வேறு பெயரில் சொல்வார். இரண்டையும் பொருத்துவதற்காக நாட்டிலுள்ள தொழில்களையெல்லாம் வகைப்படுத்தி 1946இல் ஒரு வழிகாட்டி நூலே வெளியிடப்பட்டது. இன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை பயன்படும் தேசியத் தொழில் வகைப்பாட்டுக்கு முன்னோடி அதுதான். கையில் தொழில் இல்லாதவர்களுக்குப் பயிற்சி மையங்களும் தொடங்கப்பட்டன. 1947க்குப் பிறகு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்தவர்களை அங்கே சேர்த்தார்கள். 1950இல் பொதுமக்களுக்கும் கதவு திறந்தது. பிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீசியன் என்று லட்சக்கணக்கான பிள்ளைகளை உருவாக்கிய ஐ.டி.ஐ.களின் வேர் இந்த மையங்களில்தான் இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் இன்னொரு காட்சியும் அரங்கேறியது. ராணுவம் வேண்டாமென்று கழித்த லாரிகள் 'டிஸ்போசல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. அந்த வண்டிகளைப் போர்முனையில் ஓட்டியவர்களும் வேலையில்லாமல் ஊரில் இருந்தார்கள். முன்னாள் படைவீரர்கள் கூட்டுறவுப் போக்குவரத்துச் சங்கங்கள் அமைத்து, லாரியும் பஸ்ஸும் ஓட்டினார்கள். கடன் வாங்கி, பங்கு போட்டு, தாங்களே ஓட்டி, தாங்களே பழுது பார்த்த அந்தச் சங்கங்களைப் பற்றி முழுமையான ஒரு வரலாற்று நூலைத் தமிழில் யாராவது எழுத வேண்டும்.

1948 தொடக்கத்தில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் எல்லா வேலையற்றவர்களுக்கும் பொதுவாயின. அது சரியான முடிவு. 1956 நவம்பர் 1 முதல் அவை மாநில அரசுகளின் நிர்வாகத்துக்கு வந்தன. 1959இல் வந்த சட்டம், பொதுத்துறையும் 25 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. அனுப்பிய ஆளை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வரிசை நீண்டது. தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்து காத்திருந்தோர் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 80 லட்சத்தைத் தாண்டியது. எந்தச் சிப்பாய்க்காக வரிசை போடப்பட்டதோ, அவர் அதே வரிசையின் நடுவில் எங்கோ நின்றார்.

அவருக்கென்று தனிக் கதவுகள் பிறகு வந்தன. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு, டி பிரிவில் 20 விழுக்காடு என்று ஒதுக்கப்பட்டது. வங்கிகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் இது 14.5, 24.5 விழுக்காடு. பத்தாம் வகுப்பு தேறி 15 ஆண்டு பணியாற்றியவரைச் சில பதவிகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாகக் கொள்ளலாம் என்றும் ஆணை வந்தது. காகிதத்தில் இவை நல்ல ஏற்பாடுகள். தகுதியான ஆள் இல்லை என்று சொல்லி அந்த இடங்களைக் காலியாகவே விடுவது பல துறைகளில் வழக்கமாகிவிட்டது.

1986இல் தமிழ்நாடு அரசு 'டெக்ஸ்கோ' என்ற முன்னாள் படைவீரர் கழகத்தைத் தொடங்கியது. அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், மின்நிலையங்கள் என்று பல இடங்களுக்கு அது காவலர்களை அனுப்புகிறது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட நிறுவனம் அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி வேறு. வேலூர் மாவட்டத்தில், வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி 'ராணுவப்பேட்டை' என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், முப்பத்தைந்து நாற்பது வயதில் ஓய்வுபெற்று வருகிறவர்கள் நிறைய உண்டு. படை இளமையாக இருக்க வேண்டும் என்பதால் சிப்பாய்களை அந்த வயதிலேயே அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது, வீட்டுச் செலவு உச்சத்தில் இருக்கும் வயது அது. ஓய்வூதியம் வரும், ஆனால் போதாது. அப்போது அவர் கண்ணில் படும் முதல் வேலை, வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்பதுதான். பதினேழு ஆண்டு ராடார் பார்த்தவரும், பனிமலையில் பாலம் போட்டவரும், அறுவை அரங்கில் உதவியவரும் ஒரே 'செக்யூரிட்டி' சட்டைக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

காவல் வேலை கேவலமானதல்ல. ஆனால் 1945இல் ஓர் அந்நிய அரசுகூட, அதுவும் கலகத்துக்கு அஞ்சியோ அவசரத்திலோ, 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்டது. அதற்காகத் தொழில்களின் அகராதியே தயாரித்தது. சுதந்திர நாட்டின் வேலைச் சந்தை அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டது. 'நிமிர்ந்து நிற்பாயா, இரவு விழித்திருப்பாயா?' என்பதோடு நேர்காணல் முடிந்துவிடுகிறது. இது திறமையின் விரயம். அந்தத் திறமையை உண்டாக்கச் செலவழித்தது மக்களின் வரிப்பணம்.

இந்தக் கணக்கு மறுபடியும் நம் முன்னால் வந்து நிற்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேர்கிறவர்களுக்குப் பணி நான்கே ஆண்டு. நூற்றில் 25 பேர் வரை படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் ஊர் திரும்புவார்கள். கையில் 11 லட்சத்துச் சொச்சம் ரூபாய் சேவை நிதி இருக்கும். ஓய்வூதியம் இருக்காது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இருக்காது. ராணுவத்தின் முதல் அணி பயிற்சி மையங்களுக்குள் நுழைந்தது 2023 ஜனவரி வாக்கில். நான்காண்டு கணக்கு 2026இன் முடிவோடு நிறைவடைகிறது. அந்த இளைஞர்கள் தகரப் பெட்டியை இறக்கி வைக்கும்போது, தமிழ்நாட்டின் ஆலை முதலாளிகளும் அரசுத் துறைகளும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களும் அவர்களிடம் அந்தப் பழைய கேள்வியைக் கேட்க வேண்டும்: உனக்கு என்ன தெரியும், தம்பி?