முத்துக்குளித்துறைப் பிள்ளைகளின் முதற்பாடம்

கொற்கை என்றதும் முத்து நினைவுக்கு வரும். பாண்டியர் துறைமுகமாக விளங்கிய அவ்வூர், தாமிரபரணி கொணர்ந்த மண்ணால் கடல் விலகிப் போகவே, இன்று வயல் சூழ்ந்த சிற்றூராய் நிற்கிறது. துறை காயலுக்கும், பின்னர்ப் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. நான் சொல்லப் புகுவது முத்தின் கதை அன்று. அக்கரையில் பிறந்த பிள்ளைகள் பாடம் கேட்கச் சென்றபோது எம்மொழியோடு சென்றனர், எம்மொழி அவர்களை எதிர்கொண்டது என்பதே என் பொருள்.

1542-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவர் ஸ்பானிய நாட்டின் வடபால் நவாரில் பிறந்தவர், தாய்மொழி பாஸ்கு. பரதவர் பிள்ளைகளுக்கோ தமிழன்றி வேறு தெரியாது. இரண்டுக்கும் நடுவே பாலமாய் நின்றது போர்த்துகீசிய மொழி. அம்மொழியும் தமிழும் அறிந்த உள்ளூராரைக் கூட்டி, மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை அவர் மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளை அழைத்தார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெற்றோருக்கு ஓதினர்.

ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு பிழை இருந்தது! ‘விசுவசிக்கிறேன்’ என வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. பிள்ளைகளும் அவ்வாறே ஓதிவந்தனர். பொருள் விளங்காத மொழியில் ஓதுவிப்பவருக்கு அது எப்படித் தென்படும்? 1544-இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு மடல் எழுதிச் சவேரியார் அதைத் திருத்தினார். அத்திருத்தத்தை அவருடைய பெருமையாகவே நான் கொள்வேன்.

1554-இல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில். வரிகளுக்கிடையே போர்த்துகீசியப் பொருள். இருமொழிக்கும் இடைப்பட்டவர்க்கே உரிய நூல் அது. (எழுத்து ஒன்று, மொழி வேறு என்பது இப்பக்கத்தில் புதுமையன்று. அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் இசுலாமியர் தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்தனர். அதனை அரபுத்தமிழ் என்பர்.) 1546-இல் இந்தியா வந்த அண்டிரிக் அடிகளார் வேறு வழி கண்டார். தமிழை முறையாகக் கற்று, போர்த்துகீசியருக்காக அதன் இலக்கணத்தையும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சான பதினாறு பக்க நூல். இப்போது கரைப்பிள்ளைகளின் மொழி அவர்கள் எழுத்திலேயே அவர்களிடம் வந்தது.

போர்த்துகீசியரின் ஆட்சி 1658-இல் தூத்துக்குடியை விட்டு அகன்றது, ஒல்லாந்தர் வந்தனர். சொற்களோ அகலவில்லை. சாவி, சன்னல், மேசை, அலமாரி என நாம் நாள்தோறும் ஆளும் சொற்கள் அம்மொழி தந்தவை. பெர்னாண்டோ என்று வருகைப் பதிவேட்டில் எழுதப்படும் பிள்ளை வீட்டில் பேசுவது கடற்கரைத் தமிழே. பெயரைக் கொண்டு மொழியை அளக்கலாகாது.

அமெரிக்காவிலும் இதே வினா எழுந்தது. ஸ்பானிய மொழி பேசும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகளுக்கு எம்மொழியில் கற்பிப்பது? கலிபோர்னிய மக்கள் 1998-இல் வாக்களித்து ஆங்கிலவழிக்கு முதன்மை தந்தனர். 2016-இல் மீண்டும் வாக்களித்து அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தினர். தாயுடன் ஒரு மொழி, தமையனுடன் ஒரு மொழி பேசும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ‘உன் மொழி எது?’ என்னும் கேள்வியே விளங்காது. யாருடன் எதைப் பேசுகிறாய் என்றல்லவா கேட்க வேண்டும்!

அவ்வாறு வீட்டை நோக்கியவர் ஒருவர் நம் கரையின் வடபால் இருந்தார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் செருமானியர், திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தம் இல்லத்துக்கே வரவழைத்து, சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துக் கற்றார். மறு ஆண்டிலேயே, தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் போர்த்துகீசிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மொழியிலும் பள்ளிகள் தொடங்கினார்.